நெடிக்கு ஒரு நரம்பு, மணத்துக்கு ஒரு நரம்பு

வாசகர் கேள்வி–பதில்

தும்மல், இருமல், கண்ணீர், எச்சில், குமட்டல் என்று நம்மைக் கேட்காமல் உடம்பு தானாகச் செய்யும் வேலைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூக்கைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த இதழில் முழுக்க அவற்றுக்கே இடம்.

வருஷத்துக்கான மிளகாய்த்தூளுக்கு மிளகாய் வறுத்தால் வளவு முழுக்க இருமல். கொரோனா வந்து போனதிலிருந்து என் கணவருக்கு வாசனை தெரிவதில்லை. காப்பித்தூள் டப்பாவை மூக்கில் வைத்தாலும் ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் மிளகாய் நெடிக்கு முதலில் இருமுவது அவர்தான். "நடிக்கிறானா?" என்று மாமியார் கேட்கிறார்கள்.
— வாசகி, காரைக்குடி

நடிப்பு இல்லை அம்மா. வாசனை தெரிவதும் நெடி ஏறுவதும் ஒரே மூக்கில் நடக்கின்றன, ஆனால் இரண்டும் வெவ்வேறு நரம்புகளின் வேலை.

மூக்கின் உச்சியில், புருவ நடுவுக்கு நேர் உள்ளே, தபால்தலை அளவில் ஒரு சவ்வு இருக்கிறது. வாசனையைப் பிடிப்பது அதுதான். அதில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. அவற்றின் மரபணுக்களை 1991-ல் கண்டறிந்து சொன்ன லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா கிருமி தாக்கியது இந்தச் சவ்வைத்தான். குறிப்பாக, வாசனை நரம்புகளுக்குத் துணையாக நிற்கும் செல்களை அது பாழாக்கியது.

நெடியைச் சொல்வது ஐந்தாம் மூளை நரம்பு. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, மூக்குக்கும் மேல்தாடைக்கும் ஒரு கிளை, வாய்க்கும் கீழ்த்தாடைக்கும் ஒரு கிளை என்று மூன்றாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பார்கள். தொண்டைக்குக் கீழே, மூச்சுக்குழாயில், அதே காவலை வேகஸ் நரம்பு பார்க்கிறது. இந்த நரம்புகளுக்கு ரோஜாவும் தெரியாது, காப்பியும் தெரியாது. சுடுகிறது, எரிகிறது, குத்துகிறது என்பது மட்டுமே தெரியும். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாசல் அவற்றின் நுனியில் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அதே வாசலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, உங்கள் வீட்டுக்காரரின் மூளைத்தண்டுக்கு "தொண்டையில் தீப்பட்டது" என்று தகவல் போகிறது. அவர் நினைத்துப் பார்ப்பதற்குள் கண்ணில் நீர், மூக்கில் நீர், மூச்சுக்குழாயில் இறுக்கம், இருமல் எல்லாம் வந்துவிடுகின்றன. மாமியாரிடம் சொல்ல எளிய வழி: தமிழே இதை என்றோ பிரித்து வைத்திருக்கிறது. மல்லிகைக்கு மணம், மிளகாய்க்கு நெடி. அவருக்கு மணம்தான் போயிருக்கிறது, நெடி போகவில்லை.

இனி வறுப்பதைப் பார்ப்போம். நெடி ஏன் இவ்வளவு கிளம்புகிறது? கேப்சைசின் தண்ணீர் போல ஆவியாகிப் போகும் பொருளில்லை. தூசியோடும் எண்ணெய்ப் புகையோடும் சேர்ந்தே பறக்கிறது. மிளகாய் தீய்ந்தால் அதிலுள்ள கொழுப்பு கருகி அக்ரோலின் என்ற இன்னொரு எரிச்சல் வாயுவும் கூடிக்கொள்கிறது. எனவே தூசியையும் தீய்ச்சலையும் கட்டுப்படுத்தினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மிளகாயை 2, 3 நாள் நல்ல வெயிலில், கிள்ளினால் மொடுக்கென்று ஒடியும்வரை காயவையுங்கள். இப்படிக் காய்ந்தால் வறுப்பு என்பது பேருக்குச் சூடு காட்டுவதுதான். காரம் அதிகம் குடியிருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நடுத்தண்டில். மிளகாய் உடைந்தால் அந்தத் தூள் வெளியே வரும் என்பதால் உடைந்ததைத் தனியே பொறுக்கி வையுங்கள். அவற்றுக்கு வெயிலே போதும், வறுக்க வேண்டாம். கனத்த இரும்புச் சட்டியில், சிறு தீயில், ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடாமல், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவிப் புரட்டுங்கள். எண்ணெய் தூசியை மிளகாயோடு பிடித்து வைக்கும். அரை தேக்கரண்டி கல்லுப்பு போடும் வழக்கமும் உண்டு. நிறம் ஒரு படி கூடியதுமே, அதாவது 3, 4 நிமிடத்தில், இறக்கித் தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் இரும்பின் சூடு கருக்கிவிடும். பலர் வீட்டில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். முன்பெல்லாம் அடுப்படியைக் கடைசிக் கட்டில் வைத்து, இந்த வேலையைத் திறந்த முற்றத்தில் செய்தார்கள். அதே இடத்தில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து செய்யுங்கள்.

நெடி ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. வெளிக்காற்றுக்கு வாருங்கள். வாய் எரிந்தால் மோர் அல்லது பால். கையில் காரம் ஏறியிருந்தால் முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு. அதற்கு முன் கண்ணைத் தொட வேண்டாம். கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு பயிற்சி உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் என நான்கையும் தனித்தனிச் சிமிழில் வைத்து, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 10 முதல் 20 வினாடி மெதுவாக முகர வேண்டும். முகரும்போது அந்தப் பொருளின் பழைய வாசனையை மனதில் கொண்டுவர முயல வேண்டும். குறைந்தது 12 வாரம். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருக்கும், பலர் அப்போதுதான் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். இன்னொன்று: கேஸ் கசிவும் கெட்ட சாப்பாடும் அவர் மூக்குக்குத் தெரியாது. அதை வீட்டில் எல்லாரும் நினைவில் வைத்திருங்கள்.

மாவு மில்லில் 12 வருஷமாக மிளகாய் அரைக்கிறேன். எனக்கு நெடி ஏறுவதே இல்லை. உடம்பு பழகிவிட்டதென்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், புதுவயல்

நரம்பு மரத்திருக்கிறது அண்ணே, நுரையீரல் பழகவில்லை. கேப்சைசின் தொடர்ந்து பட்டால் அந்த வாசல் சோர்ந்து திறக்காமல் போகும். அக்கி வந்து போன பிறகு நிற்கும் நரம்பு வலிக்குக் கேப்சைசின் களிம்பு கொடுப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். ஆனால் இருமல் என்பது காவல்காரன். காவல்காரன் தூங்கினாலும் தூசி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். துண்டு கட்டினால் பெருந்தூசிதான் நிற்கும். மூக்கின் மேல் கம்பி அழுத்திப் பொருந்தும் என்-95 முகக்கவசம் போடுங்கள், ஈரமானால் மாற்றுங்கள். அரைத்த தூளைச் சூட்டோடு கொட்டிக் கட்டாமல், மூடி போட்டு அரை மணி நேரம் அடங்கவிட்டுத் திறங்கள். படி ஏறினால் இளைப்போ, இரவில் வீசிங்கோ இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் ஒரு முறை ஊதிப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளுங்கள்.

மிளகு இடித்தால் தும்மல் வருகிறது, சரி. பட்டாலையிலிருந்து வெயிலடிக்கும் முற்றத்துக்கு வந்தாலும் எனக்கு இரண்டு தும்மல் நிச்சயம். அங்கே மிளகு எது?
— கல்லூரி மாணவர், தேவகோட்டை

அங்கே வெயில்தான் மிளகு. நூற்றில் 18 முதல் 35 பேர்வரை இருளிலிருந்து பளீரென்ற ஒளிக்கு வந்ததும் தும்முகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நோயில்லை. ஆனால் வண்டி ஓட்டும்போது நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் இடங்களில் கவனம் தேவை, குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மிளகில் தும்மலைக் கிளப்புவது பைப்பரின் கலந்த தூசி. உரலின் வாயைத் துணியால் மூடி, உலக்கை போக மட்டும் நடுவில் துளை விட்டு இடித்தால் குறையும். வந்த தும்மலை மூக்கைப் பிடித்து அடக்காதீர்கள், அந்த அழுத்தம் காதையும் தொண்டையையும் கெடுத்துவிடும்.

கல்யாண வீட்டுக்கு 5 கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கிறது. வாயில் தீக்குச்சி வை, தலையில் வெங்காயத் தோலை வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நிஜம்?
— வாசகி, கானாடுகாத்தான்

இரண்டும் இல்லை. வெங்காயம் முழுசாக இருக்கும்வரை கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கத்தி பட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதன் செல்லில் கந்தகச் சத்து ஒரு அறையிலும், அதைப் பிளக்கும் நொதி வேறொரு அறையிலும் இருக்கின்றன. வெட்டினால் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். பிறந்த பொருளை இரண்டாவதாக ஒரு நொதி பிடித்து, எளிதில் பறக்கும் வாயுவாக மாற்றிவிடும். இந்த இரண்டாவது நொதியை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல்தான் கண்டுபிடித்தார்கள். வாயு கண்ணின் ஈரத்தில் கரைந்ததும் முக்கிளை நரம்பு குத்துகிறது என்கிறது, கண்ணீர்ச் சுரப்பி கழுவிவிடக் கண்ணீரைத் திறக்கிறது. மிஞ்சிய கண்ணீர் கண்ணோரத் துளை வழியாக மூக்குக்குள் இறங்கும். வெங்காயம் உரிப்பவர் மூக்கை உறிஞ்சுவது அதனால்தான். பூண்டும் அதே குடும்பம், நாற்றமும் கடுமை. ஆனால் அதிலுள்ள கந்தகச் சத்து வேறு வகை என்பதால் அழவைப்பதில்லை.

ஆக, நொதியை மந்தமாக்க வேண்டும், அல்லது வாயுவைத் தண்ணீரில் பிடிக்க வேண்டும், அல்லது காற்றில் தள்ளிவிட வேண்டும். முதல் நாள் இரவே வெங்காயத்தைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கொஞ்சமாக இருந்தால் உரிப்பதற்கு முன் அரை மணி ஃபிரிட்ஜில் வைக்கலாம். பிறகு தூரும் தலையும் கிள்ளாமல் 15, 20 நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் தளரும். உரித்ததை உடனே இன்னொரு பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். கூர் மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுக்க நசுக்க வாயு கூடும். எனவே கத்தியை முதலில் தீட்டுங்கள். வேர்ப்பக்கத் தூரைக் கடைசியில் வெட்டுங்கள். மேசை விசிறியை எதிரே வைத்தால் வாயு முகத்துக்கே வரும். பக்கவாட்டில் வைத்து உங்களைக் கடந்து போகும்படி திருப்புங்கள். முகக்கவசம் இதற்கு உதவாது, இது தூசியல்ல, வாயு. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்சம் வேலையை ஒப்படைத்துப் பாருங்கள், அவர்களுக்குக் கண்ணீர் குறைவாகவே வரும்.

வயது 68. மசாலா வறுக்கும் வாசனைக்கு வீட்டில் எல்லாருக்கும் எச்சில் ஊறுகிறது. மூன்று மணி நேரம் நின்று சமைக்கும் எனக்குச் சாப்பிட உட்கார்ந்தால் பசியே இல்லை. வாயும் வறண்டு கிடக்கிறது.
— வாசகி, கோட்டையூர்

ஆச்சி, வீட்டார் மூக்குக்கு அந்த வாசனை புதிது, உங்கள் மூக்குக்கு அது பழசு. ஒரே வாசனையைச் சில நிமிடம் தொடர்ந்து முகர்ந்தால் ஏற்பிகளும் ஓய்ந்துவிடும், மூளையும் "இது தெரிந்ததுதான்" என்று ஒதுக்கிவிடும்.

வெளியே இருப்பவர்களுக்கு நடப்பது இது. சோம்பு, பட்டை, மராத்தி மொக்கு எல்லாம் சட்டியில் சூடேறுகின்றன. கல்பாசியை முகர்ந்தால் பச்சையில் மரப்பட்டை போலத்தான் இருக்கும், சூடான எண்ணெயில் விழுந்த நொடியில்தான் அதன் மணம் பிரிந்து கிளம்பும். அந்த மணம் மூக்கில் ஏறியதும் மூளைத்தண்டிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குச் சேதி போகிறது. வயிற்றுக்கு வேகஸ் நரம்பு வழியாகச் சேதி போய், ஒரு கவளம் இறங்குவதற்கு முன்பே அமிலம் சுரக்கத் தொடங்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இப்படிப் பார்த்து, முகர்ந்து, மென்று வருவது. நாய்களை வைத்து இதை நிறுவிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன் குடற்புண்ணுக்கு வேகஸ் கிளைகளையே அறுவை செய்து துண்டித்தார்கள் என்றால் அந்த நரம்பின் வலு தெரியும். ஒன்றை மட்டும் திருத்திச் சொல்ல வேண்டும்: மனிதர்களுக்கு வெறும் வாசனையால் ஊறும் எச்சில் கொஞ்சம்தான். மெல்வதும் புளிப்பும் அதைவிடப் பல மடங்கு ஊறவைக்கும்.

எனவே சமைத்து முடித்ததும் உடனே இலை போடாதீர்கள். முகம் கழுவி, முகப்புத் திண்ணையில் கால் மணி உட்காருங்கள். மூக்கு அதற்குள் தெளியும். ரசத்துக்குத் தாளிப்பதைக் கடைசிக்கு வைத்து, நீங்கள் உட்காரும்போது மருமகளோ பேத்தியோ தாளித்துக் கொட்டட்டும். முதல் கவளத்துக்கு முன் நாரத்தங்காய்த் துணுக்கு ஒன்றை நாக்கில் வையுங்கள் (ரத்த அழுத்தம் இருந்தால் உப்பில்லாத எலுமிச்சைத் துண்டு). மெதுவாக மெல்லுங்கள். மென்றால் வாயிலிருந்து மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்தப் பின்வாசல் மணம்தான். சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று ஆவதும் அதனால்தான். வாய் வறட்சி இத்தனைக்கும் தீராவிட்டால், நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, தூக்கம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் எச்சிலை வற்றவைக்கும்.

மருமகளுக்கு இரண்டாம் மாதம். தாளிக்கும் வாசனை வந்தாலே ஓங்கரிக்கிறாள். "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா" என்று உறவில் பேசுகிறார்கள். மனசு வைத்தால் அடக்கலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

அடக்க முடியாது. நீங்கள் அவளுக்காகக் கேட்டு எழுதியிருப்பதே பெரிய ஆதரவு. மசக்கையில் நஞ்சுக்கொடியிலிருந்து ஜி.டி.எஃப்-15 என்ற சுரப்பு தாயின் ரத்தத்தில் ஏறி, மூளைத்தண்டில் குமட்டலை நடத்தும் இடத்தைத் தூண்டுகிறது என்பதை 2023-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன் அந்தச் சுரப்பு யாருக்குக் குறைவாக இருந்ததோ அவருக்கு வாந்தி கடுமையாகிறது. ஒருத்திக்கு இல்லாதது இன்னொருத்திக்கு இருப்பதன் காரணம் ரத்தத்தில், மனசில் இல்லை. அந்த நிலையில் ஒரு வாசனையோடு ஒருமுறை வாந்தி வந்துவிட்டால் உடம்பு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். அடுத்த தடவை வாசனை மட்டும் போதும்.

சூடான சாப்பாடு அதிகம் மணக்கும், ஆறியது குறைவாக மணக்கும். அவளுக்குத் தயிர்சாதம், இட்லி, பழம் என ஆறியதாகக் கொடுங்கள். அவள் குளிக்கவோ மாடிக்கோ போயிருக்கும் நேரத்தில் தாளித்து, மூடி, அடுப்படிக் கதவைச் சாத்தி வையுங்கள். படுக்கையிலிருந்து எழும் முன் இரண்டு பொரி உருண்டையோ ரஸ்க்கோ, பிறகு இரண்டு மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே குமட்டும். இஞ்சி பலருக்குக் கேட்கிறது. தாங்க முடியாவிட்டால் டாக்சிலமினும் பி-6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை உண்டு, அதை மருத்துவர் எழுதித் தரட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தங்காமல் போனாலோ, 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, எடை இறங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மூன்று மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து தூளியில் தொங்கவிடலாமா? தைலம் தடவலாமா? குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடுவது நல்லதுதானே?
— வாசகி, ஆத்தங்குடி

மூன்றும் வேண்டாம். இதை வலியுறுத்தியே சொல்கிறோம்.

மூக்குக்குள் கடுமையான நெடி பட்டால் மூச்சு நின்று, இதயத் துடிப்பு இறங்கும் ஒரு அனிச்சைச் செயல் உண்டு. முயல்களின் மூக்கில் புகை விட்டு கிராட்ச்மர் என்பவர் 1870-லேயே இதைக் காட்டினார். பெரியவர்களுக்கு அது ஒரு நொடித் திணறலோடு போய்விடும். பச்சைக் குழந்தைக்கு அந்த அனிச்சை வலுவானது. முதல் சில மாதங்கள் அது பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறது. கற்பூரமோ தைலத்திலுள்ள மென்தாலோ மூக்கருகே இருந்தால் தொண்டை இறுகி மூச்சு நிற்கலாம். 2 வயது வரை மூக்கிலோ முகத்திலோ மார்பிலோ தடவக் கூடாது. கற்பூரம் விழுங்கப்பட்டால் இன்னும் மோசம்: ஒரு கிராம்கூடச் சின்னக் குழந்தைக்கு உயிராபத்து, சில நிமிடங்களில் வலிப்பு வரும். பூஜைத் தட்டு கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கும் தைலம் அடைப்பைத் திறப்பதில்லை. மென்தால் குளிரைச் சொல்லும் நரம்பு நுனியைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றும். அளந்து பார்த்தால் மூக்கின் அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

குழந்தைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் 2 சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து வெளியே வருவதைத் துடையுங்கள். தலையைத் துண்டால் துவட்டினால் போதும். சாம்பிராணி எவ்வளவு மணத்தாலும் அது புகைதான். மூச்சு நிமிடத்துக்கு 50-க்கு மேல் போனாலோ (2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60), விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாசனையால் குழந்தைக்கு நன்மையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பிறந்த சில நாளிலேயே குழந்தை தாய்ப்பால் வாசனையை அறிந்து, கேட்காமலே அந்தப் பக்கம் தலையைத் திருப்பும், வாய் குவியும். அம்மா உடுத்திப் பழசான கண்டாங்கிச் சேலையில் தூளி கட்டுவார்களே, அந்த நூல் சேலையில் சோப்பு மணம் கழிந்தும் நிற்கும் அம்மாவின் உடம்பு வாசனை அழும் குழந்தையை அமர்த்தும். துணி முகத்தை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூளி உள்ள அறையில் ஊதுபத்தியும் வாசனைத் திரவியமும் வேண்டாம்.

வலிப்பு வந்தவருக்கு வெங்காயத்தையும் செருப்பையும் முகரவைத்தால் நிற்கிறதே, எப்படி?
— வாசகர், கண்டனூர்

அது தானாக நிற்கிறது. பெரும்பாலான வலிப்பு 1 முதல் 3 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். வெங்காயம் தேடி எடுத்து நசுக்கிக் கொண்டுவருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். அதனால் பெயர் வெங்காயத்துக்குப் போய்விட்டது. கையில் இரும்பைக் கொடுப்பதும் இப்படித்தான். கூட்டம் மூக்கை மூடினால் மூச்சு முட்டும், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். சுற்றியுள்ள கூரான பொருட்களை அகற்றி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமல் மறுபடி வந்தால், 108.

மயக்கம் வேறு. கூட்டத்தில், புழுக்கத்தில், ரத்தம் பார்த்து விழுபவருக்கு மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கிறது. படுக்கவைத்துக் காலை ஒரு அடி உயர்த்தினால் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். முன்பு அம்மோனியா உப்பை முகரவைத்தார்கள். அந்த நெடி முக்கிளை நரம்பைக் குத்தித் திடீரென மூச்சை இழுக்கவைக்கும். அதோடு தலையும் வெடுக்கென்று ஆடும் என்பதால், கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டவருக்கு அது ஆபத்து.

கொடைக்கானல் பஸ்ஸில் எலுமிச்சம்பழம் முகர்ந்தால் வாந்தி நிற்குமா?
— பள்ளி ஆசிரியை, திருப்பத்தூர்

காரணத்தைத் தொடாது, தூண்டுதலைக் குறைக்கும். வளைவில் உள்காது "அசைகிறோம்" என்கிறது, முன்சீட்டு முதுகைப் பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது. அந்தப் பொருந்தாமைதான் வாந்தி. டீசல் வாடையும் பக்கத்தில் ஒருவர் எடுத்த வாந்தியும் அதை விரைவாக்கும். எலுமிச்சை அந்த வாடையை மறைக்கிறது, முகர்வதற்காகப் பிள்ளைகள் மெதுவாக மூச்சு விடுவதும் உதவுகிறது. வாசனை எண்ணெய் சாற்றில் இல்லை, தோலில். நகத்தால் கீறி முகரச் சொல்லுங்கள். முன் இருக்கை, தொலைவில் பார்வை, கையில் செல்போன் இல்லாமை, இந்த மூன்றும் பழத்தைவிடப் பெரிது. அடிக்கடி வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு மருத்துவர் தரும் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள்.

பழைய வீட்டின் செப்டிக் தொட்டியைத் திறந்தோம். முதலில் குடலைப் புரட்டியது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. வந்தவர் "வாயு போயிருச்சு, இறங்கலாம்" என்றார். பயந்து நிறுத்திவிட்டோம். சரிதானா? அதோடு, ராத்திரி கேஸ் கசிந்தால் வாசனைக்கு முழிப்பு வருமா?
— வாசகர், கானாடுகாத்தான்

நிறுத்தியதால் ஒரு உயிர் தப்பியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். 100 பங்கை எட்டினால் முகர் நரம்பையே முடக்கிவிடும். வாயு கூடக் கூட நாற்றம் மறையும். 700 பங்கைத் தாண்டினால் மூச்சு ஓரிரு முறை இழுப்பதற்குள் நினைவு தப்பும். "நாற்றம் இல்லை" என்று இறங்கியவரும், அவரைத் தூக்கக் குதித்தவரும், அவருக்குப் பின் போன மூன்றாமவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். பாழுங்கிணறும் அப்படியே. விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்ஸிஜன் குறைவைத்தான் காட்டும், இந்த வாயுவைக் காட்டாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூலிக்கு வந்தவர் தானே முன்வந்தாலும் இறக்காதீர்கள். 14420-ஐ அழைத்து உறிஞ்சு வண்டி கேளுங்கள். ஏற்கெனவே ஒருவர் விழுந்திருந்தால் உள்ளே போகாமல் 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் சொல்லுங்கள்.

கேஸைப் பொறுத்தவரை, அதற்கு இயல்பாக வாசனை இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரியவேண்டும் என்பது கணக்கு. ஆனால் அடுப்படியிலேயே நிற்பவர் மூக்கு ஓய்ந்துவிடும். அதனால் வெளியிலிருந்து வந்தவர் "வாசனை அடிக்குதே" என்றால் அவரை நம்புங்கள். தூங்குபவருக்கோ முழிப்பு வராது. தூங்குபவர்களின் மூக்கருகே கடும் நாற்றத்தைக் காட்டிச் செய்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் யாரும் எழவில்லை, சத்தத்துக்கே எழுந்தார்கள்.

இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு படியும். நம் பழைய வீடுகளில் விட்டம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை. அடுப்படியின் உயர்ந்த வாசற்படி அதைத் தொட்டித் தண்ணீர் போலத் தேக்கி வைக்கும். சந்தேகம் வந்தால் குனிந்து படிக்கு உள்பக்கம் முகருங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள். இரவு படுக்கும் முன் அடுப்பின் திருகை மட்டும் மூடாமல், சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.